கட்டைவிரலுக்கு அல்லடி

மேமலைத் தோட்டம், ஹல்துமுல்லை
1921 ஜனவரி 11

பதுளை மிஷன் டிஸ்பென்சரியில் ஆயா வேலை பார்க்கும் என் அக்கா அற்புதமலருக்கு, தங்கை ஜெபமலர் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே பனி, இருமல், ஆனாலும் நான் குதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? டிஸ்பென்சரிப் படி ஏற முடிகிறதா?

அக்கா, அவர் வருகிறார்! வருகிறார்! வருகிறார்! கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டதாம். கப்பல் அடுப்பில் கரி அள்ளிப் போட்டது போதும், இனித் தோட்டத்திலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். கல்யாணச் சேலை மடிப்புக் கலையும் முன்னே ரங்கூன் கப்பலில் ஏறிப் போன மனுஷன்! கணக்கப்பிள்ளை ஐயா வழக்கம்போலக் கடிதத்தைப் பிரித்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டுத்தான் தந்தார். "என் கண்ணே ஜெபம்" என்ற இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். அன்றைக்கெல்லாம் மலையில் ஒரே பாட்டு: "ஏய் கண்ணே, கூடையத் தூக்கு! ஏய் கண்ணே, அட்ட ஏறுது பாரு!"

அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். ஒரு சேவலும் வளர்கிறது. அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் வந்ததும் எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பதில் போடு, சுருக்கப் போடு.
உன் ஜெபம்

*

பதுளை
1921 ஜனவரி 22

அன்புத் தங்கைக்கு, அக்காவின் முத்தங்கள். முழங்கால் அப்படியே, படியும் அப்படியே. இந்தக் கடிதத்தை உன்னோடு வேறு சிலரும் வாசிப்பார்கள் என்பதால் (கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு என் வணக்கம், வீட்டில் எல்லாரும் சுகமா?) சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் அவர், தம்பி யேசுரத்தினம், நேரே உன்னிடம் வராமல் இங்கே வந்து இறங்கியிருக்கிறார். பயப்படாதே. கப்பல் உஷ்ணம். டாக்டரம்மா கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தண்ணீர் மருந்து செய்கிறார். சில வாரத்தில் அனுப்பி வைக்கிறோம்.

இத்துடன் ஒரு டப்பா வருகிறது. டாக்டரம்மா கொழும்பிலிருந்து தருவித்த ரப்பர் உறைகள். உடம்புக்குப் பாதுகாப்பான சாமான். அவர் வந்த பிறகு ஒவ்வொரு தடவையும் கட்டாயம் போட வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மாவு தூவிச் சுருட்டி வை. எதற்கு, எப்படி என்பதெல்லாம் கல்யாணமான பெண்ணுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.
அற்புதமலர்

*

மேமலைத் தோட்டம்
1921 பிப்ரவரி 4

என் அருமை அக்காவுக்கு ஆயிரம் தோத்திரம். நாங்கள் எல்லாரும் நலம், எங்கள் விரல்களும் நலம்!

நீ அனுப்பிய சாமான் இருக்கிறதே, அடேயப்பா! நாங்கள் இங்கே கட்டைவிரலில் கந்தலைச் சுற்றிக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறோம். காம்பு கிழித்து, கறை ஏறி, விரல் பாளம் பாளமாக வெடிக்கிறது. அதை நினைவு வைத்து ரப்பரிலேயே உறை அனுப்பினாயே, நீதான் அக்கா! அவர் வரும் வரை எதற்குக் காத்திருப்பது என்று மறுநாளே மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் பெரிசு. வெள்ளைக்காரனுக்கு விரல் அவ்வளவு தடிமனா? தொங்கும் பாகத்தைச் சுருட்டி நூலால் கட்டிவிட்டேன்.

பக்கத்து அறைச் செவத்தாயி தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது வெரலுக்கா, வெள்ளரிக்காய்க்கா?" என்றாள். ஆனாலும் கையை நீட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். கொழுந்து கிள்ளும் நிரையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கங்காணி பெண்சாதி கால் பெருவிரலில் மாட்டியிருக்கிறாள், அட்டை ஏறவில்லையாம். நீ எழுதியபடி கல்யாணமான பெண்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன். குமரிப் பெண்களுக்கு என்மேல் ஒரே கோபம். ஏன் அக்கா அப்படி? கல்யாணமானவள் விரல்தான் சீக்கிரம் வெடிக்குமா?

இன்னும் ஒரு டப்பா அனுப்பு. அவருக்கு உஷ்ணம் இறங்கியதா? சேவல் என்னைக் கண்டாலே கொத்த வருகிறது. சீக்கிரம் வரச் சொல்.

உன் ஜெபம்

*

பதுளை
1921 பிப்ரவரி 9

ஜெபம், கட்டைவிரலுக்கு அல்லடி!

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. இதைத் துணி மூட்டை தூக்கி லயத்து வீடு வீடாக வந்து விற்கும் மர்ஸூக் நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். சீட்டித் துணிக்குள் மடித்து வைத்திருக்கிறேன், தனியே உட்கார்ந்து வாசி.

அது ஆண்பிள்ளை போடுவது. புருஷனும் பெண்சாதியும் சேரும்போது போடுவது. கணக்கப்பிள்ளைக்குப் பயந்து மூடி மூடி எழுதினேன், புத்தி கெட்டவள் நான்தான்.

இப்போது மூடாமல் சொல்கிறேன். அவருக்குக் கப்பல் உஷ்ணம் இல்லை. வெட்டை நோய். ரங்கூனில் வாங்கி வந்திருக்கிறார். எப்படி என்று அவரிடமே கேள். அதைச் சொல்ல வேண்டியது அவர் வாய், என் பேனா இல்லை. எரிச்சலும் சீழும் அடங்கிவிட்டன. ஆனாலும் நோய் உள்ளே பதுங்கியிருக்கும் என்கிறார் டாக்டரம்மா. பெண்ணுக்குத் தொற்றினால் பாதிப் பேருக்கு வலிகூடத் தெரியாது. சத்தமில்லாமல் கர்ப்பப்பையைக் கெடுத்துவிடும். தப்பிப் பிள்ளை பிறந்தாலும் பிறக்கும்போதே அதன் கண்ணில் ஏறிவிடும். அப்படிக் கண் போன பிள்ளைகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன், ஜெபம்.

டாக்டரம்மா அவருடைய சிறுநீரை, கிருமியைக் காட்டும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார். மூன்று தடவை சுத்தமாக இருந்தால்தான் குணம். அது வரை தள்ளிப் படுத்தால் ரொம்ப நல்லது என்றார். உங்கள் இரண்டு பேர் முகமும் எனக்குத் தெரியும், அதனால்தான் உறையையும் கேட்டு வாங்கினேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் போட வேண்டும். தொடங்கும்போதே போட வேண்டும். பல நாள் போட்டு ஒரு நாள் விட்டாலும், நோய்க்கு அந்த ஒரு நாள் போதும்.

விரலில் மாட்டியவற்றை இதற்கு எடுத்துவிடாதே! காம்பு குத்தி ஓட்டை விழுந்திருக்கும். புதுசு அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்.

அவர் நாளைக் காலை புறப்படுகிறார். "நீங்களே எழுதிடுங்க மதினி, எனக்கு வாய் வரல" என்று குந்தி உட்கார்ந்து அழுதார். நானா அவருக்கு முந்தி வந்து சேர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

மேமலைத் தோட்டம்
1921 பிப்ரவரி 26

அக்காவுக்கு,

அவர் வந்து சேர்ந்தார். துணியும் வந்து சேர்ந்தது. மழை. கொழுந்து குறைவு. வேறு விசேஷம் இல்லை.

ஜெபமலர்

*

பதுளை
1921 மார்ச் 10

என் கண்ணான தங்கைக்கு, (இனி என் கடிதமெல்லாம் நானா கையில்தான் வரும், கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு ஓய்வு.)

என் முழங்காலை விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதம் இதுதான். அதனால் முழங்கால் இன்னும் வலிக்கிறது.

கோபப்படு. அவர்மேல் படு, முதலிலேயே உடைத்து எழுதாத என்மேலும் படு. ஆனால் யார் முந்தி வந்தது, அவரா, நானாவா? இது ஒன்றை மட்டும் எழுது. நானா வரும் முன் உறை இல்லாமல் ஏதாவது நடந்திருந்தால் உடனே வண்டி ஏறி வா. ஒரு வார்த்தை திட்டமாட்டேன். டாக்டரம்மா பார்த்து மருந்து செய்வார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.
அற்புதம்

*

மேமலைத் தோட்டம்
1921 ஏப்ரல் 3

முழங்கால் வலிக்கும் அக்காவுக்கு, உயிர்த்தெழுந்த திருநாள் வாழ்த்து! நான் நலம். உள்ளும் புறமும் நலம். ஒன்றும் நடக்கவில்லை, அக்கா. முதலில் சாப்பிடு, பிறகு மீதியை வாசி.

சாப்பிட்டாயா? கேள்.

அவர்தான் முந்தினார். நாங்கள் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தோம். "ஜெபம்" என்று குரல். திரும்பினால் டிரங்குப் பெட்டியோடு அவர்! நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே செவத்தாயியும் மற்றவர்களும் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லார் கட்டைவிரலிலும் அது! அவர் முகம் சாம்பலாகிவிட்டது. பெட்டியைப் பொத்தென்று போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத யாரு குடுத்தா?"

"அக்கா குடுத்துச்சு. கொழுந்து கிள்ள."

"கொழுந்து கிள்ளவா?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். அன்றிலிருந்து, உடம்பு உஷ்ணம் என்று சொல்லிக் கோயில் தாழ்வாரத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். ரங்கூனில் வேறு ஒருத்தி இருக்கிறாள், என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். அப்புறம் நானா வந்தார். சீட்டித் துணியை விரித்தேன்.

அக்கா, அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஓடையிலேயே எறிந்துவிட்டேன். அவர் இறங்கித் தூக்கி வந்தார். தவக்காலம் முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரே சோறு பொங்கினார். உப்பில்லை என்றுகூட நான் சொல்லவில்லை, அப்படியே தின்றேன். அது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்திருக்கும், எனக்கும்தான்.

திருநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், மரத்தடியில் நிறுத்தி முழுக்கச் சொன்னார். ஒன்றையும் உன்மேல் போடவில்லை, கப்பல்மேலும் போடவில்லை. "தப்பு நான் பண்ணுனது. நான்தான் சொல்லியிருக்கணும்" என்றார். நான் நன்றாக அழுதேன். நன்றாகத் திட்டினேன். அவர் ஏற்றுக்கொண்டார். பிறகு சொன்னேன்: "ஒறை இல்லாம நீங்க உள்ள வரப்படாது. ஒரு நாளும் வரப்படாது. கழுவுறதும் நீங்க, காயப்போடுறதும் நீங்க."

"ஆகட்டும் தாயே" என்று கும்பிட்டார் அக்கா, கோயில் வாசலிலேயே! பாக்கியநாதன் உபதேசியார், ஏதோ ஜெபம் நடக்கிறது என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

இப்போது நடப்பதுதான் வேடிக்கை. அவர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார், கழுவுகிறார், வாசல் கொடியில் பகிரங்கமாகக் காயப்போடுகிறார். யாருக்கும் சந்தேகம் இல்லை! எல்லார் வாசலிலும்தான் அது காய்கிறதே! "பொண்டாட்டி வெரலுறையக் கூடத் தொவைக்கிறான், தங்கமான மனுசன்! நீயும் இருக்கியே" என்று செவத்தாயி தன் புருஷனுக்கு இடி கொடுக்கிறாள். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு மாவு தூவுகிறார்.

சேவலை அன்றைக்கே அடித்துவிட்டோம்.
சிரிப்பு அடங்காத ஜெபம்

*

பதுளை
1921 ஜூன் 14

தங்கைக்கும் தம்பிக்கும் அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதத்தை டாக்டரம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலியில் சாய்ந்து சிரித்ததில் மூக்குக்கண்ணாடி விழுந்து காது கம்பி வளைந்துவிட்டது.

தம்பி போன வாரம் வந்து போனதை அவரே சொல்லியிருப்பார். பூதக்கண்ணாடியில் ஒன்றும் இல்லை. முதல் தடவை சுத்தம்! துள்ளாதே. இந்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள் என்கிறார் டாக்டரம்மா. "ஒன்றும் தெரியவில்லை, போதும்" என்று உறையை விடுவார்கள், அடுத்த தடவை பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். உடம்பு சரியாக இருக்கும் நாளிலும் போடுவதுதான் போடுவது.

மர்ஸூக் நானா எனக்குத் தொல்லை கொடுக்கிறார். "எந்த லயத்துக்குப் போனாலும் வெரலுறை கொண்டாந்தீங்களா நானான்னு கேக்குறாங்க மகள். மொத்தமா எடுத்துத் தாங்க, நான் வித்துத் தாறேன்" என்கிறார். உண்மையைச் சொல்லிவிட்டேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பி வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப, அதுக்கும் ரெண்டு டப்பா தாங்க" என்றார்.

உன் விரலுக்கு மட்டும் வேறு வழி பார்க்கிறேன்.
அற்புதம்

*

மேமலைத் தோட்டம்
1921 ஆகஸ்ட் 21

அக்காவுக்குத் தோத்திரம். உன் முழங்காலுக்கு அவர் ஒரு தைலம் காய்ச்சி அனுப்புகிறார். எண்ணெயைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும், ஏன் என்று கேள்.

கப்பல் அடுப்படியில் இருந்தவர் அல்லவா? எதைக் கண்டாலும் எண்ணெய் போட வேண்டும். கதவுக் கீலுக்கு எண்ணெய், கத்தரிக்கோலுக்கு எண்ணெய். ரப்பர் காய்ந்து வெடித்துவிடும் என்று பயந்து, டப்பாவில் இருந்த அத்தனை உறைக்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்துவிட்டார்! போன சனிக்கிழமை கோயில் அறுப்புப் பண்டிகை. ஆட்டம், பாட்டு, நானும் பூ வைத்து, அவரும் புது வேட்டி கட்டி, வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால் ஒரே பிசின். எடுத்தால் இழுபடுகிறது, விட்டால் ஒட்டுகிறது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஒரு தடவ சுத்தம்னு சொல்லிட்டாங்கல்ல? இன்னைக்கு ஒரு நாளுதானே ஜெபம்?"

அக்கா, உன்னிடம் ஒளிக்கமாட்டேன். எனக்கும் ஆசைதான். பூ வைத்த தலை வேறு. பண்டிகை நாளும் அதுவுமாக வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்போது நீ கையில் வாங்கிய அந்தப் பிள்ளைகளை நினைத்தேன்.

"அது இன்னைக்குப் பண்டிகைன்னு பாத்து லீவு எடுக்குமா?" என்றேன்.

டப்பாவை மூடி வைத்தார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். இரண்டு பேரும் மறுபடி கோயிலுக்கே ஓடிப்போய், கும்மியில் சேர்ந்துகொண்டோம். அவருக்குக் கும்மி வராது, என் காலைத்தான் மிதித்தார். மறுநாள் காலையிலேயே நானாவைத் தேடிப் பண்டாரவளை வரை போய் ஒரு புது டப்பாவோடு வந்தார்.

இன்னொன்று. செவத்தாயி கண்டுபிடித்துவிட்டாள். அவள் புருஷன் ரயில்பாதை வேலைக்கு எல்ல ஊர்ப் பக்கம் போய் மாதக்கணக்கில் தங்கி வருகிறவன். கொழுந்து மலையில் என் பக்கத்தில் வந்து, விரலை ஆட்டி, "ஏண்டி, இது வெரலுக்கு இல்லதானே?" என்றாள். எல்லாம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு கூடையோடு செடிமேல் சாய்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு டப்பா சொல்லு. அந்த ஆளு வர்ற வாரம் வருது" என்றாள். கங்காணி பெண்சாதியிடம் யார் சொல்வது என்றுதான் இப்போது சண்டை. அவள் இன்னும் கால் விரலில்தான் மாட்டியிருக்கிறாள்.

உன் ஜெபம்

*

பதுளை
1921 அக்டோபர் 18

மூன்றாவது தடவையும் சுத்தம்!!

எழுதும் முறை தெரியாதவள்போல் முதலில் இதை எழுதிவிட்டேன். இப்போது சுகம் விசாரிக்கிறேன்: சுகமா? சுகம்தான், எனக்குத் தெரியும். போன வாரம் நீ வந்தபோது உன்னையும் டாக்டரம்மா பார்த்தாரே, உன்னிடமும் ஒன்றும் இல்லை. இத்தனை மாதம் கூடவே குடித்தனம் நடத்தியும் ஒரு துளி தொற்றவில்லை. "விடாமப் போட்டிருக்காங்க" என்று டாக்டரம்மா மேசையைத் தட்டினார். ஏதோ அவரே போட்டதுபோல அவ்வளவு பெருமை!

இனிப் பிள்ளை வேண்டுமென்றால் உறை வேண்டாம். முடிவு உங்களுடையது. தம்பி மறுபடி எங்காவது தூரம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரியும். "போகவே மாட்டேன் மதினி" என்று சொல்கிறார். சொல்லட்டும். சட்டைப் பையில் ஒன்று இருக்கட்டும்.

சுருக்கப் பதில் போடு.
உன் அக்கா

*

மேமலைத் தோட்டம்
1922 ஆகஸ்ட் 6

பெரியம்மா அற்புதமலர் அவர்களுக்கு, இதுவரை உங்களுக்கு எழுதாத ஓர் ஆள் சார்பில் தோத்திரம்!

அக்கா, பெண் பிள்ளை. செவ்வாய்க்கிழமை விடியும்போது பிறந்தாள். நான் சுகம். பத்தியச் சோறு சகிக்கவில்லை, மற்றபடி சுகம். நீ கொடுத்தனுப்பிய கண் மருந்துத் துளியை, பிறந்ததும் மருத்துவிச்சி இரண்டு கண்ணிலும் விட்டாள். பிள்ளை லயமே அதிரக் கத்தினாள். அவளோடு சேர்ந்து அவள் அப்பாவும் கத்தினார். கண்ணைத் திறக்கும் வரை நான் மூச்சு விடவில்லை. எல்லாம் சுத்தம் என்று தெரியும், ஆனாலும் விடவில்லை. அவர் வாசல்படியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை.

நேற்று மத்தியானம் மர்ஸூக் நானா மூட்டையோடு வந்து, "எங்க, பேத்தியக் காட்டுங்க" என்று குனிந்தார். தாடியை ஆட்டி, நாக்கைச் சொடக்கி, விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோனார். இவள் விடவே இல்லை. விரல் போன பக்கமெல்லாம் கண்ணும் போனது.

"யா அல்லாஹ், என்னா பார்வை இது! ஜெபமலர், இந்தப் புள்ள என்னப் பாக்கயில்ல, மொறைக்குது!" என்று நானா பின்னால் நகர்ந்தார்.

ஆமாம் அக்கா. நன்றாக முறைக்கிறாள்.